புரமோட்டரை விடாத பலவேசம்

அப்பாவிப்பட்டிக்காரர்கள் பொல்லாதவர்கள் இல்லை, பாவம். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். வினையே அங்கேதான்.

பள்ளிக்கூடங்களுக்கான கண்காட்சியில் பெற்றோர் போடும் அறிவியல் நாடகத்துக்கு முதல் பரிசு ஒரு மைக்ராஸ்கோப் என்றதும் மாசானம் முந்திக்கொண்டு பேர் கொடுத்தான். மகள் செம்மலரின் பள்ளிக்கூடத்தில் அது கிடையாது. எப்படியாவது வாங்கிக் கொடுத்துவிட வேண்டுமென்று அவனுக்கு ஒரே தவிப்பு.

கனகவல்லி டீச்சர் நீளமாக ஒரு கயிற்றை விரித்தார்.

"இதுதான் செல்லுக்குள்ள இருக்கிற டி.என்.ஏ. எழுத்தெல்லாம் தொங்குற இந்தத் துண்டு இன்சுலின் ஜீன். அதுக்கு முன்னால இருக்கிற போர்டுதான் புரமோட்டர், எங்கே ஆரம்பிக்கணும்னு காட்டும். பலவேசண்ணே, நீங்க போர்டைக் கெட்டியாப் பிடிச்சுக்கிடணும். அப்பதான் ஜீனை நகலெடுக்கிற மாசானண்ணே பக்கத்துல வந்து நிப்பாரு. வெயிலுமுத்தண்ணே, நீங்க என்ஹான்சர். எவ்வளவு தூரத்துல இருந்தாலும் சரி, கயிறு வளைஞ்சு உங்களைக் கிட்ட கொண்டுவரும். மாசானண்ணனை முதுகுல தட்டி 'ஓடு'ன்னு சொல்லுங்க. அவர் கண்ணுல படுற எழுத்தை எல்லாம் நகலெடுத்துக்கிட்டே ஓடி, 'முடிவு' அட்டையைப் பார்த்ததும் நிப்பாரு."

பலவேசம் போர்டை அன்றே பிடித்தான், விடவே இல்லை. அவன் பெண்டாட்டிதான் சோறு ஊட்டிவிட்டாள்.

போட்டியன்று பக்கத்து டவுனில் திரை விலகியது. பலவேசம் போர்டைக் கட்டிக்கொண்டு நின்றான். மாசானமும் பக்கத்தில் போய் நின்றான். அதோடு சரி, நாடகம் நகரவில்லை.

"வெயிலுமுத்து எங்கல?" என்று மாசானம் கிசுகிசுத்தான்.

"ஊர்ல. எவ்வளவு தூரத்துல இருந்தாலும் சரின்னு டீச்சர் சொன்னாவல்லா."

"அப்ப கயிறு வளையணுமே."

"வளையும். அவசரப்படாத."

கூட்டம் கொட்டாவி விட்டது. மைக்ராஸ்கோப் கைநழுவிப் போகிறதே என்று மாசானத்துக்கு அழுகையே வந்துவிட்டது. டீச்சர் பொறுக்கமாட்டாமல் வந்து, "இப்ப நான்தான் என்ஹான்சர், ஓடுங்க" என்று முதுகில் தட்டினார்.

ஓடினான். ஜீனை நகலெடுத்தான். 'முடிவு' அட்டையைக் காணோம், அது வெயிலுமுத்துவின் பையில் இருந்தது. ஆகவே மேடையை விட்டு இறங்கி டீக்கடை போர்டு, பஞ்சர் கடை போர்டு எல்லாவற்றையும் நகலெடுத்தபடி ஊருக்கே ஓடிவிட்டான். அங்கே கயிறு வளையக் காத்திருந்த வெயிலுமுத்து, கடமை தவறாமல் முதுகில் தட்டி, "ஓடு" என்றான். மாசானம் திரும்பி ஓடிவந்தான்.

அவன் கொண்டுவந்த நகலை நடுவர் உரக்க வாசித்தார். இன்சுலினுக்குப் பிறகு இஞ்சி டீ, சூடான வடை, 'இங்கே காற்று இலவசம்'. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இப்படியொரு நாடகத்தைப் பார்த்ததே இல்லையென்று நடுவர் முதல் பரிசைக் கொடுத்துவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மாசானத்தை விட்டுவிட்டு மைக்ராஸ்கோப்பைப் பலவேசத்திடம் நீட்டினார்.

"பத்திரம், கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்க" என்றார்.

பலவேசம் போர்டைப் போட்டுவிட்டு மைக்ராஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டான்.

இப்போது அப்பாவிப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் மைக்ராஸ்கோப் இருக்கிறது. பிடியை விடாமல் பலவேசமும் இருக்கிறான். செம்மலர் ஆசை ஆசையாக முதன்முதலில் குனிந்து பார்த்தது, அவன் சட்டைப் பித்தானை.