தணிகாசலத்தின் தொண்டை

கோவை வேழங்கள் என்ற மகளிர் கூடைப்பந்து அணிக்குத் தணிகாசலம் தடுப்பாட்டப் பயிற்சியாளன். அவனுக்குக் கோபம் வந்தால் அரங்கத்தின் கூரைத் தகடு அதிரும் என்பார்கள். கோபம் வராத நாள் ஒன்றை யாரும் பார்த்ததில்லை.

மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் ஏலம் கூவி வளர்ந்த தொண்டை அது. பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோனது. கூடைப்பந்தை அவன் கற்றது மண்டி மூடிய பிறகு, சிமென்ட் தரையில், முட்டி பேர்ந்து. இந்த வேலையைக்கூடப் பேரம் பேசித்தான் பிடித்தான். “பாதி சீசன் சம்பளமில்லாமச் சும்மா பாக்கறனுங்க. பிடிச்சா வெச்சுக்குங்க, பிடிக்கலீன்னா கையக் காட்டுங்க, போயிர்றேன்” என்று கிளப் செயலாளர் பொன்னுரங்கத்திடம் சொன்னான். வைத்துக்கொண்டார்கள்.

தலைமைப் பயிற்சியாளர் பியூலா அவனைவிட வயதில் இளையவர். அதிகம் பேசமாட்டார். ஆனால் ஆட்டத்தில் ஒன்று புரியவில்லை என்றால் தணிகாசலம் போய் நிற்கிற வாசல் அவருடையது மட்டும்தான்.

அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் தூத்துக்குடி சுறாக்கள் வேழங்களைப் பிய்த்து எறிந்துவிட்டார்கள். இன்னொன்று தோற்றால் வெளியே போக வேண்டியதுதான்.

பொன்னுரங்கம் அவனைத் தனியே கூப்பிட்டார். “டிபென்ஸ் சல்லடையாட்டம் ஒழுகுதய்யா. ஞாயித்துக்கிழமையும் ஒழுகிச்சுன்னா நான் வேற ஆளைப் பாக்கணும்.”

தணிகாசலம் நேராகப் பியூலாவிடம் போனான்.

“கோச், அந்த வீடியோவைத் தேயத் தேயப் பாத்துட்டனுங்க. அவளுக டிபென்ஸுல ஓட்டை எங்கீங்க?”

“என்ன பாத்தீங்க?”

“என்னத்தச் சொல்றது! நம்ம பொண்ணு அவளுக வழிய மறிச்சு ஸ்கிரீன் போடறதுக்குத் தூணாட்டம் போயி நிக்கறா. அவ நிக்கறதுக்கு முன்னாடியே அந்தப் பக்கத்துக்காரி சுத்திக்கிட்டுப் போயிர்றா. ஒருத்தி ஏமாந்தா அவ இடத்துல அடுத்தவ. அடுத்தவ இடத்துல மூணாவது ஆளு. ஒரே கயித்துல கட்டி இழுத்தாப்பல அஞ்சு பேரும் நகர்றாளுக. முதுகுல ஒரு சோடி கண்ணு வெச்சுப் பெத்திருப்பாங்களாட்டம் இருக்குதுங்க.”

திட்டுகிற தோரணையில்தான் சொன்னான். குரலில் இருந்தது மரியாதை.

பியூலா எழுந்து ஒரு நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார்.

“உக்காருங்கண்ணே. இப்பப் பாருங்க.”

“சுவத்தையா?”

“சுவத்தைத்தான்.”

முதுகுக்குப் பின்னால் வீடியோ ஓடத் தொடங்கியது. முதலில் பந்து தரையில் மோதுகிற சத்தம். ஷூ கிறீச்சிடுகிற சத்தம். தணிகாசலம் நெளிந்தான். பிறகு, மண்டி இரைச்சலில் வாங்குகிறவன் குரலை மட்டும் பிரித்தெடுக்கிற பழைய பழக்கம் காதுக்குத் திரும்பியது.

“வலது ஸ்கிரீன்! வலது!”

“நானிருக்கேன், நீ போடீ!”

“மூலைல ஆளு! மூலைல ஆளு!”

“யாருங்க இந்தக் கட்டைக்குரல்? எல்லாத்துக்கும் முந்தி வருது?”

“டெல்சி. அவங்க சென்டர்.”

“கூடைக்குக் கீழ நிக்கறவ. அவளுக்கு எல்லாரோட முதுகும் தெரியும்.” சுவரைப் பார்த்துக்கொண்டே தணிகாசலம் தொடையில் தட்டினான். “அட, அட! முதுகுல இருக்கறது கண்ணில்லீங்க கோச். டெல்சியோட வாயி!”

பியூலா வீடியோவை நிறுத்தினார்.

“நம்ம பொண்ணுங்க பேசறாங்களா?”

“எங்கீங்க பேசறாளுக? வாயில பசை போட்டு ஒட்டினாப்பல நிக்கறாளுக. நாளைக்கு நான் பேச வெக்கறேன் பாருங்க.”

“எப்படிண்ணே?”

“கத்தித்தான்!”

பியூலா இன்னொரு வீடியோவைத் தேடத் தொடங்கினார்.

மறுநாள் பயிற்சியில் அவர் பவதாரணியை வெளியே அழைத்தார். பந்து கொண்டுவருகிறவளை மறிப்பது பவதாரணியின் வேலை.

“அண்ணே, நீங்க உள்ள வாங்க. பவா இடத்துல நில்லுங்க.”

மாற்று ஆட்டக்காரிகள் சுறாக்களின் தாக்குதலை ஆடிக்காட்டினார்கள். மேலே ஒருத்தி பந்தைத் தட்டிக்கொண்டு வருவாள். நெட்டையானவள் ஓடிவந்து, மறிப்பவளின் வழியில் தூணாக நிற்பாள். மறிப்பவள் மாட்டிக்கொண்டால் பந்துக்காரி நேரே கூடைக்குப் போவாள். அவளைத் தடுக்க இரண்டு பேர் பாய்ந்தால் தூணாக நின்றவள் உருண்டு உள்ளே ஓடுவாள், பந்து அவளுக்கு. அதை அடைக்க மூன்றாவது ஆள் வந்தால் மூலையில் ஒருத்தி சும்மா நின்றுகொண்டிருப்பாள். அவள் குறி தப்பாது. எந்தப் பக்கம் மடக்கினாலும் சுறாக்களுக்கு லாபம். யோசித்தவனுக்குக் கோயில் கட்டலாம் என்று தணிகாசலத்துக்குத் தோன்றியது.

கால்களை அகட்டி, கைகளை விரித்து நின்றான். பியூலா விரலை அசைத்தார்.

சுவரோரம் வைத்திருந்த ஒலிபெருக்கி அலறியது. “இடது! இடதுக்கு வாடீ! அங்க என்ன வேடிக்கை பாக்கற! கையத் தூக்கு! தூக்குன்னு சொல்றேன்ல! இடது!”

பின்னால் யாரோ என்னவோ சொன்னார்கள். என்னவென்று பிடிபடவில்லை. தணிகாசலம் பந்தை விரட்டிப் பக்கவாட்டில் ஒரு எட்டு வைத்தான். தூணாக நின்ற நெட்டைப் பெண்ணின் தோளில் மோதி, மல்லாந்து விழுந்தான்.

எழுந்தபோது முகம் மிளகாய்ப்பழமாக இருந்தது.

“எவன்டா அவன் ஸ்பீக்கர்ல? ஒரு மண்ணும் காதுல விழுகல! நிறுத்துடா அந்தக் கழுதையை!”

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். இரண்டு பேருக்குத் தோள் குலுங்கியது.

“நீங்கதாண்ணே அது,” என்றார் பியூலா. “போன ஆட்டம். நம்ம பெஞ்சுப் பக்கத்து வீடியோவுல இருந்து எடுத்தேன்.”

தணிகாசலம் ஒலிபெருக்கியைப் பார்த்தான். அது இன்னும் அவன் குரலில் ஒருத்தியை வைதுகொண்டிருந்தது.

அவனுக்குப் பின்னால் கூடைக்குக் கீழே நின்றவள் நஸ்ரின். அணியிலேயே வாய் அடங்கிய பெண். அவளிடம் திரும்பினான்.

“நீ என்னம்மா சொன்ன?”

“வலது ஸ்கிரீன்னு சொன்னேன் மாஸ்டர். விடாம சொன்னேன்.”

“இதைப் போன ஆட்டத்துல சொல்றதுக்கென்ன?”

நஸ்ரின் தயங்கினாள். “அன்னைக்கும் சொன்னேன் மாஸ்டர்.”

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கியதும் தணிகாசலம் ஒரு துண்டை எடுத்து வாயில் கவ்விக்கொண்டான்.

முதலில் நிலைமை மோசமானது. சத்தம் வராததால் பெண்கள் பெஞ்சைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்த நேரத்தில் சுறாக்கள் கூடையில் போட்டார்கள். மறுபடி போட்டார்கள். பார்வையாளர்களின் மேல்வரிசையில் இருந்து பொன்னுரங்கம் எட்டிப் பார்த்து, “யோவ், வாயில என்ன கொழுக்கட்டையா?” என்றார். தணிகாசலத்தின் கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்தது. பியூலாவைப் பார்த்தான். அவர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டை இன்னும் இறுக்கிக் கடித்தான்.

“வலது,” என்றது ஒரு குரல். நஸ்ரின். பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்கிற குரல்.

பவதாரணி நகர்ந்தாள். ஸ்கிரீன் வெறுமனே நின்றது.

“வலது! நானிருக்கேன் பவா!” இந்த முறை அது அரங்கத்துக்கே கேட்டது. பிறகு இன்னொரு குரல். அதற்குப் பதிலாக மற்றொன்று. இடைவேளைக்குள் புள்ளிகள் நெருங்கிவிட்டன.

டெல்சி பெஞ்சைத் தாண்டி ஓடும்போது ஒரு நொடி நின்றாள். “என்ன மாஸ்டர், தொண்டை கட்டிக்கிட்டா? ஒரு சவுண்டு குடுங்க. உங்க ஆளு எந்தப் பக்கம் போவாள்னு தெரியாம நாங்க அலையுதோம்லா!”

தணிகாசலத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அவன் ‘இடது’ என்று கத்தியபோதெல்லாம் பந்து வலதுக்குப் போனது. மனதில் வைத்திருக்க வேண்டிய விலையை வாங்குகிறவள் காதிலேயே கூவியிருக்கிறான். கோபம் வந்திருக்க வேண்டும். துண்டுக்குள்ளேயே சிரித்துவிட்டான். மண்டிக்கு வந்திருந்தால் இவள் எல்லார் கடையையும் வாங்கியிருப்பாள்.

கடைசிக் கட்டம். வேழங்கள் ஒரே ஒரு புள்ளி முன்னே. பவதாரணி பந்துக்காரியை விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தாள். தணிகாசலம் துண்டை எடுத்துவிட்டுப் பியூலாவின் பக்கம் குனிந்தான்.

“பவாவை எடுங்க கோச்.”

“நல்லாத்தானே ஆடறா?”

“எடுத்துருங்க.”

பியூலா ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு மாற்று ஆட்டக்காரியை அனுப்பினார்.

சுறாக்களிடம் பந்து. டெல்சி மேலே வந்து தூணாக நின்றாள். “இடது ஸ்கிரீன்!” நஸ்ரின் சொல்லி முடிப்பதற்குள் புதிதாக வந்தவள் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். டெல்சி உள்ளே உருண்டாள். “எனக்கு!” என்று ஒருத்தி குறுக்கே விழுந்தாள். பந்து மூலைக்குப் பறந்தது. “மூலை!” என்ற குரல் பந்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. எறிந்தவளின் கண்ணுக்கு முன் ஒரு கை இருந்தது. பந்து வளையத்தில் பட்டுத் துள்ளியது. நஸ்ரின் அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். ஆட்டம் முடிந்ததற்கான சங்கு ஊதியது.

பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். தணிகாசலம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். பொன்னுரங்கம் படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

“கோச்,” என்றான். “நான் வாயே திறக்கல, ஜெயிச்சிட்டோம். செயலாளர் மேல இருந்து பாத்துட்டேதான் இருந்தாருங்க. இப்ப வந்து, சும்மா உக்காந்திருக்கறதுக்கு இந்த ஆளு எதுக்குன்னு கேப்பாரு. நான் என்னங்க சொல்றது?”

“பவாவை ஏண்ணே எடுக்கச் சொன்னீங்க?”

“குரல் இறங்கிருச்சுங்க. பதில் சொல்றது துளி லேட்டாச்சு. காலு சோர்றதுக்கு முன்னால குரலு சோரும். அப்ப அவளுக்கே அது தெரிஞ்சிருக்காதுங்க.”

“அதைச் சொல்லுங்க,” என்றார் பியூலா. “மெதுவா.”