மின்னியின் இரண்டாம் கூத்து

வெண்குடைபுரத்தில் ஒரு வருஷமாக எந்த வீட்டிலும் முறம் தங்கவில்லை. எல்லாம் மின்னியால் வந்த வினை! மின்னி என்பவள் முறத்தில் ஏறிப் பறந்துபோய் அசுரனை அடிக்கும் இடுப்புயரப் பெண். அரசவை விகடர் நல்லபெருமாள் குழந்தைகளுக்காகக் கட்டிவிட்ட கதை அது. அதைக் கூத்தாகப் போட்டதிலிருந்து ஊர்ப் பொடிசுகள் முறமும் கையுமாக மதில்மேல்தான் குடியிருந்தார்கள்.

"இரண்டாம் பாகம் போடும், நல்லபெருமாள். பிரம்மாண்டமாக இருக்க வேண்டும்!" என்றார் மகிபால மகாராஜா.

நல்லபெருமாளுக்குத் தலைகால் புரியவில்லை. வீதியில் இறங்கியதுமே குழந்தைகள் சூழ்ந்துகொண்டார்கள். "இந்தத் தடவையும் மின்னிதானே கொல்லுவா?" என்றார்கள். "சத்தியமாக அவள்தான்!" என்று கையடித்துக் கொடுத்துவிட்டார் மனிதர்.

மறுநாள் சபையில் மகாராணியின் தம்பி செண்பகராயர் திரியைக் கொளுத்திப் போட்டார்.

"அத்தான், இவ்வளவு செலவழித்து ஒரு சுண்டைக்காய்ப் பெண்ணா அசுரனைக் கொல்வது? தாங்கள் அல்லவா கொல்ல வேண்டும்!"

மகாராஜாவின் மீசை துடித்தது. "அதுவும் சரிதான். மின்னியை என்ன செய்வது?"

"எடுத்துவிடலாம்."

அவ்வளவுதான், ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். தளபதிக்கு நிஜ யானைகளோடு ஒரு போர் வேண்டுமாம். செண்பகராயருக்குத் தாமே பாட நாலைந்து பாட்டு வேண்டுமாம். மகாராஜாவுக்கோ, கூத்தில் தம் வேஷம் போடுகிறவர் முப்பாட்டனார் காலத்திலிருந்து வம்சப் பெருமை பாட வேண்டுமாம்.

"யார் கேட்டதும் விடுபடக் கூடாது. விடுபட்டால் உமக்கு இந்த ஊரில் இடமில்லை," என்றார் மகாராஜா.

நல்லபெருமாள் தாம் கையடித்துக் கொடுத்ததை நினைத்துக்கொண்டார். குழந்தைகள் முகத்தில் எப்படி விழிப்பது? கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு ஒரே பணிவு!

"அப்படியே ஆகட்டும், மகாராஜா. இவ்வளவு பெரிய கூத்துக்குக் காப்பு மட்டும் தாங்களே கட்டிக்கொள்ள வேண்டும்."

கூத்து நடத்துகிறவர் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வது அந்த ஊர் வழக்கம். அசுரன் விழும்வரை அவர் ஆசனத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது. எந்தக் கூத்தானாலும் விடிவதற்குள் அசுரன் செத்துவிடுவான் என்ற தைரியத்தில் மகாராஜா கையை நீட்டினார்.

கூத்து தொடங்கியது. விடிந்தது. வெயிலும் ஏறியது. செண்பகராயர் இன்னும் பாடிக்கொண்டிருந்தார். போருக்கு வந்த யானைகள் போரை விட்டுவிட்டுப் பந்தல் வாழைகளை மென்றன. அவை மெல்லுவதை மகாராஜா கண்கொட்டாமல் பார்த்தார். அரண்மனை மடைப்பள்ளியிலிருந்து நெய் மணம் வேறு வந்து தொலைத்தது.

"நல்லபெருமாள்! அசுரன் எப்போதய்யா சாவான்?"

"இன்னும் பிறக்கவே இல்லையே, மகாராஜா! போர் முடிந்து, பாட்டு முடிந்து..."

"போரை வெட்டும்! பாட்டையும் வெட்டும்!"

"அத்தான், இனிமேல்தான் உச்சஸ்தாயி..."

"உட்காரடா!"

திரை விலகியது. மகாராஜா வேஷக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு முப்பாட்டனார் பிறந்த நட்சத்திரத்தைப் பாட ஆரம்பித்தார். நிஜ மகாராஜாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"இந்த ராஜாவைத் தூக்கும் முதலில்!"

"பிரபு... அது தாங்கள்."

"யாராக இருந்தால் என்ன? தூக்கும்!"

"பிறகு அசுரனை யார் கொல்வது?"

முன்வரிசையில் தூங்கி வழிந்த குழந்தைகள் துள்ளி எழுந்தார்கள். "மின்னி! மின்னி!"

"அவளைத்தான் கூப்பிடுமே, ஐயா!" என்று அவர்களைவிடப் பலமாகக் கத்தினார் மகாராஜா.

அசுரன் அவசரமாகப் பிறந்தான், அவசரமாக உறுமினான். திரைக்குப் பின்னால் தயாராக நின்ற மின்னி பறந்து வந்து முறத்தால் மூக்கில் ஒரு போடு போட்டாள். ஆள் காலி! குழந்தைகள் போட்ட கூச்சலில் பந்தலே ஆடியது. நல்லபெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மகாராஜா காப்பை அவிழ்த்தார், இலையில் அமர்ந்தார். மூன்றாம் தடவை சோறு விழுந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாம் உம்முடைய வேலைதானே? மின்னிதான் வேண்டும் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாமே!"

"மற்றவர்கள் வேஷத்தை வெட்ட என் எழுத்தாணி போதும், மகாராஜா. தங்கள் வேஷத்தை வெட்டும் துணிச்சல் இந்த ராஜ்யத்தில் தங்கள் வயிற்றுக்கு மட்டும்தானே உண்டு!"

மகாராஜா சிரித்த சிரிப்பில் மோர் புரையேறிவிட்டது. இருமிக்கொண்டே கழுத்து முத்துமாலையைக் கழற்றி விகடர் பக்கம் நீட்டினார்.