மரியாதையாகப் பேசிய பூனை

மேட்டுக்காட்டில் சுணை என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். தன் முட்களைப் பற்றி அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. இருக்காதா? சிறுத்தையே அவளைக் கண்டால் ஒதுங்கி வழி விடும்.

ஆனால் அவளுடைய இரண்டு குட்டிகளுக்கும் முள் இன்னும் மெத்தென்றுதான் இருந்தது. மூத்தவள் நெருஞ்சி. இளையவன் கடுகு. காட்டுப்பூனை ஒன்று உள்ளே புகுந்தால் போதும், இரண்டும் மிஞ்சாது. அந்தப் பயம் சுணைக்கு எப்போதும் இருந்தது.

அதனால் ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். அவள் கிழங்கு தோண்டக் கிளம்பியதும் குட்டிகள் வளை வாசலைக் கல்லால் அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து யார் தள்ளினாலும் அந்தக் கல் அசையாது. அம்மா வந்து கதவுச் சொல்லைச் சொன்னால்தான் குட்டிகள் உள்ளிருந்து கல்லை நகர்த்தும். அது என்ன சொல் என்று கேட்காதீர்கள். உங்களிடமும் சொல்வதற்கில்லை!

ஒரு நாள் மதியம் வானம் கருத்துக்கொண்டு வந்தது. சுணை கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். அப்போது புதருக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"மதிப்பிற்குரிய வளைவாசி அவர்களே! வணக்கம்!"

சுணைக்குத் தூக்கிவாரிப் போட்டது. காட்டில் எல்லோரும் அவளை "ஏ முள்ளி!" என்றுதான் கூப்பிடுவார்கள். 'மதிப்பிற்குரிய' என்று பிறந்ததிலிருந்து ஒருவரும் சொன்னதில்லை.

"யா... யாருங்க?"

"யானைக் கூட்டத்தின் தலைமைத் தூதர் பேசுகிறேன். மேலே ஏரிக்கரை உடையும் நிலையில் உள்ளது. இன்னும் சற்று நேரத்தில் தங்கள் வளை நீரில் மூழ்கும்!"

"ஐயோ! என் பிள்ளைங்க!"

"அஞ்ச வேண்டாம். தங்கள் கதவுச் சொல்லை உடனே உறுதி செய்யுங்கள். குட்டிகளை நாங்களே மேட்டில் சேர்த்துவிடுவோம். தாமதித்தால் நாங்கள் பொறுப்பல்ல!"

எவ்வளவு சுத்தமான தமிழ்! இப்படிப் பேசுகிறவர் பெரிய இடத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாள் சுணை. சொல்லைச் சொல்லிவிட்டாள்.

"தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி!" என்றது குரல். புதர் சலசலத்து அடங்கியது. மேட்டில் குட்டிகளுக்குப் பசிக்குமே என்று சுணை அவசர அவசரமாகக் கிழங்கைத் தோண்டிக் குவித்தாள்.

சற்று நேரத்தில் கொண்டலாத்திப் பறவை பறந்து வந்தான். யானைகளின் சேதியைக் காடெங்கும் கொண்டுபோகிறவன் அவன்தான்.

"என்ன முள்ளக்கா, காட்டையே தோண்டி எடுத்துட்டுப் போகப் போறியா?"

"விளையாடாதடா! ஏரிக்கரை உடையுதாமே! உங்க தலைமைத் தூதர் வந்து கதவுச் சொல்லைக் கேட்டு வாங்கிட்டுப் போனாரு."

கொண்டலாத்தி கொண்டையை விரித்து விழித்தான்.

"தலைமைத் தூதரா? என்னை விட்டா யானைக்கு ஏதுக்கா தூதரு? இப்பதான் ஏரியில குளிச்சுட்டு வரேன். கரை கல்லு மாதிரி இருக்கு! அதுவும் யானை போய் உன்கிட்ட கதவுச் சொல் கேக்குமா? வேணும்னா தும்பிக்கையால கதவையே பிடுங்கிட்டுப் போயிடாதா?"

ஏமாந்துவிட்டது சுணைக்குப் புரிந்தது. கிழங்கைப் போட்டுவிட்டு ஓடினாள்.

வளை வாசலில் காட்டுப்பூனை நின்றிருந்தது. கதவுச் சொல்லை அழகாக, பிசகாமல் சொன்னது.

கடுகு கல்லைத் தள்ள ஓடினான். நெருஞ்சி அவன் வாலைப் பிடித்து இழுத்தாள்.

"இருடா! யாரது?"

"மதிப்பிற்குரிய குட்டிகளே! தங்கள் தாயார்தான் எங்களை அனுப்பினார். வெள்ளம் வருகிறது! உடனே திறங்கள்!"

"சொல் சரியாத்தான் இருக்கு," என்றாள் நெருஞ்சி. "ஆனா எங்க அம்மா இந்தச் சொல்லை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. நீங்க எப்படித் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க?"

"அவரே சொன்னார்!"

"அப்ப அவளே வரட்டும். நாங்க காத்திருக்கோம்."

"நேரமில்லை! முழுகிப் போவீர்கள்!"

"முழுகினா நாங்கதானே முழுகுறோம்? உங்களுக்கு என்னங்க அவ்வளவு அவசரம்?"

பூனைக்குப் பொறுக்கவில்லை. "ஏய்! மரியாதையா திறக்கிறியா இல்லையா?" என்று சீறியது.

"பாத்தியாடா கடுகு!" என்று சிரித்தாள் நெருஞ்சி. "ஐயாவோட தமிழ் மாறிடுச்சு!"

அதற்குள் சுணை வந்து சேர்ந்தாள். முட்களைச் சிலிர்த்துக்கொண்டாள். திரும்பி நின்று, பின்பக்கமாகவே பாய்ந்தாள். பூனையின் மூக்கில் மூன்று முள், முன்னங்காலில் இரண்டு. அலறிக்கொண்டு ஓடிய பூனை ஓடை தாண்டித்தான் நின்றது.

"நெருஞ்சி! கல்லைத் தள்ளுடி!" என்று கதறியபடி சுணை கதவுச் சொல்லைச் சொன்னாள்.

"அது பூனை வாயில விழுந்த சொல். இனிமே செல்லாது."

"அடியே, நான் உங்க அம்மாடி!"

"அதைப் பூனையும் சொல்லும். வால் முள்ளை ஆட்டிக் காட்டு, கேக்குறேன்."

சுணை வாலை ஆட்டினாள். கிலுகிலுவென்று முட்கள் ஒலித்தன. பிறந்த நாளிலிருந்தே அந்தக் குட்டிகள் கேட்டு வளர்ந்த ஓசை அது. வேறு யாருக்கும் அது வராது. கல் நகர்ந்தது. சுணை இரண்டு குட்டிகளையும் மூக்கால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு மூவரும் உட்கார்ந்து முதல் வேலையாகச் சொல்லை மாற்றினார்கள்.

மறுநாள் சுணை நெருஞ்சியை அழைத்துக்கொண்டு குளக்கரைக்குப் போனாள். எல்லா விலங்குகளும் தண்ணீர் குடிக்கும் நேரம். வெட்கப்பட்டு மூடி மறைக்கவில்லை. முட்களை நிமிர்த்திக்கொண்டு, சத்தமாகவே சொன்னாள்.

"எல்லாரும் கேளுங்க! நேத்து நான் ஏமாந்தேன். என் பொண்ணு ஏமாறல!"

ஒரு முயல் காதைத் தொங்கப் போட்டது. "என்னையும் ஒரு குரல் 'மதிப்பிற்குரிய புதர்வாசி'ன்னு கூப்பிட்டுச்சு. சாயங்காலம் என் கதவுச் சொல்லைச் சொல்றேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கோங்க!" என்றாள் நெருஞ்சி. குளமே சிரித்தது. முயலும் சிரித்தது.

அன்று சாயங்காலம் காட்டுப்பூனை வீங்கிய மூக்கோடு வாசல் வாசலாகப் போய் மரியாதையாகப் பேசிப் பார்த்தது. ஒரு வாசலும் திறக்கவில்லை. பட்டினியோடு வேறு காடு தேடிப் போனது. இப்போதெல்லாம் சுணையிடம் யாராவது முட்களைப் பற்றிக் கேட்டால், அவள் மகளைப் பற்றித்தான் பேசுகிறாள்.

நீதி: காட்டுச் சேதியோ மின்னஞ்சலோ, பயம் காட்டி அவசரப்படுத்தி ரகசியம் கேட்பவர் எத்தனை மரியாதையாகப் பேசினாலும், நமக்குத் தெரிந்த வழியில் நாமே விசாரிக்கும் வரை கதவைத் திறக்கக் கூடாது.