கடம்பராயன் முகத்தில் பூசாத களிம்பு

முன்னொரு காலத்தில் கூவல்நாட்டைக் கடம்பராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். ஆண்டான், அவ்வளவுதான்.

ஒருநாள் கண்ணாடி பார்த்தான். கண்ணோரம் சுருக்கம். பஞ்சம் வந்தபோதுகூட அவன் அப்படி அலறியதில்லை.

மறுநாளே அரண்மனை முற்றத்தில் களிம்பு விற்பவர்கள் கூட்டம். சந்தனம் கலந்தது, வெண்ணெய் கலந்தது, எலுமிச்சை கலந்தது. ஒவ்வொருவனும் தன்னுடையதுதான் உசத்தி என்றான்.

"மந்திரியாரே, இதில் எது நல்லது?"

மந்திரி பூதலிங்கம் ஒல்லி. பேச்சும் ஒல்லி. "அப்படிக் கேட்டால் பதில் இல்லை, மகாராஜா. உங்கள் தோலுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று பார்க்க வேண்டும். கொஞ்சநாள் ஆகும்."

"பௌர்ணமி தர்பாரில் என் முகம் வழவழவென்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உம்ம தோலை உரித்துப் போர்த்திக்கொள்வேன்!"

"உங்களுக்குப் பற்றாதே, மகாராஜா."

ராஜா சிரிக்கவில்லை. தூணில் இருந்த கொக்கியைக் காட்டினான். போன மந்திரியின் தலைப்பாகை இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போது சபைப் பெரியவர் சோமநந்தி முன்னால் வந்தார். மந்திரி பதவிமேல் நெடுநாளாக அவருக்குக் கண்.

"என் முகத்தைப் பாருங்கள், மகாராஜா."

வயசான மனிதர். முகம் மட்டும் அவித்த முட்டை மாதிரி. ஒரு கோடு இல்லை.

"சுடுகாட்டுக்கு அப்பால் ஒருவன் காய்ச்சுகிறான். சந்தேகம் இருந்தால் அரண்மனை ஆட்களுக்கெல்லாம் பூசிக் காட்டுகிறேன்."

"அவர்கள் தோல் வேறு, மகாராஜாவின் தோல் வேறு" என்றார் மந்திரி. "கையில் ஓர் ஓரமாகக் கொஞ்சம் தடவி..."

"சிவசிவா! சோற்றை ருசிபார்க்கவே ஆள் வைத்திருக்கிற ராஜாவுக்கா சோதனை?" என்றார் சோமநந்தி.

"அதுதானே!" என்றான் ராஜா.

மந்திரி மேற்கொண்டு வாதாடவில்லை. "அப்படியானால் பௌர்ணமிவரை மகாராஜாவுக்கு ஆபரணம் பூட்டுகிற வேலையை எனக்குத் தாருங்கள்."

"ஓய், பதவி போனபின் செய்ய இப்போதே பழகுகிறீரா?" என்றார் சோமநந்தி.

"தோல் போனபின் எந்த வேலையும் ஓடாது, ஐயா. அதனால்தான் இப்போதே."

ராஜா சரி என்றான்.

சோமநந்தி எல்லோருக்கும் பூசினார். காவலன், சமையல்காரன், தாதி, மந்திரியைத் தவிர ஒருவரை விடவில்லை. எல்லா முகமும் வழவழப்பானது. அரண்மனை ஒரு மாதிரியாகிவிட்டது.

தாதி தூக்கினால் குழந்தை வீறிட்டது. வாசல் காவலன் இமைமேல் ஈ ஒன்று நடந்து கண்ணோரம் போய்க் குந்தியது. அவன் இமைக்கவில்லை. ராஜா விகடம் சொன்னால் சபை ஹஹ்ஹா என்று அதிர்ந்தது. சத்தம் மட்டும். ஒரு முகம் அசையவில்லை. ராஜாவுக்கு முதுகு சில்லிட்டது. ஆனாலும் சுருக்கம் இல்லையே! ஆசை அவனை விடவில்லை.

இதற்கிடையில் அவன் வலத்தோள் குறுகுறுவென்றது.

"வலத்தோள் துடிக்கிறது, மகாராஜா! வெற்றிதான்!" என்றார் சோமநந்தி. ராஜா சொறிந்துகொண்டே மகிழ்ந்தான்.

பௌர்ணமி வந்தது. தங்கக் கிண்ணத்தில் சோமநந்தியின் களிம்பு. ராஜா விரலை விட்டு அள்ளினான்.

"முகத்துக்குப் போகுமுன் தோள்வளைகளைக் கழற்றுங்கள்" என்றார் மந்திரி.

"எதற்கு?"

"கழற்றுங்கள். அப்புறம் என்னை உரியுங்கள்."

கழற்றினான். வலத்தோள் சிவந்து தடித்திருந்தது.

"எலுமிச்சைக் களிம்பு. பூட்டும்போதெல்லாம் உள்ளே ஒரு துளி தடவினேன். துடித்தது வெற்றி இல்லை, எரிச்சல்."

இடத்தோளில் ஒரு காசு அகலத்துக்கு வெளுத்த வழவழப்பு.

"இது சோமநந்தி ஐயாவுடையது."

"அழகாகத்தானே இருக்கிறது!" ராஜா பூரித்துப்போனான்.

மந்திரி விளக்கை எடுத்துச் சுடச்சுட ஒரு சொட்டு எண்ணெயை அதன்மேல் விட்டார். தோல் கொப்பளித்தது. ராஜா பார்த்துக்கொண்டே இருந்தான். வலிக்கவில்லை. அதைப் புரிந்துகொண்ட பிறகுதான் அலறினான்.

"என்னைக் கேட்காமல் என் உடம்பில் பூசினாயா?"

"கேட்டேன். மாட்டேன் என்றீர்கள். இப்போது செத்தது ஒரு காசு அகலம். இல்லாவிட்டால் முகம் முழுக்கச் செத்திருக்கும்."

ராஜா விரலில் இருந்த களிம்பை உதறினான். மந்திரி குனிந்து அவன் கால் தண்டையை விலக்கினார். அங்கே தோல் மெத்தென்றிருந்தது.

"வெண்ணெய்க் களிம்பு. உங்களுக்கு வறண்ட தோல். இதுதான் ஒத்துக்கொண்டது. சுருக்கம் கொஞ்சம் குறையும்."

"கொஞ்சம்தானா?"

"கொஞ்சம்தான். முழுக்கப் போனவர்கள் எதிரே நிற்கிறார்கள், பாருங்கள்."

ராஜா பார்த்தான். வரிசை வரிசையாக அவித்த முட்டைகள். இரண்டு தோள்வளைகளையும் மந்திரியிடம் நீட்டினான்.

"உமக்கே."

"கழுவித் தாருங்கள், மகாராஜா."

பிறகு ராஜா சோமநந்தி பக்கம் திரும்பினான். "வெட்கமாக இல்லையா?"

சோமநந்தி காலில் விழுந்தார். "மன்னியுங்கள், மகாராஜா!" குரல் நடுங்கியது. முகம் நடுங்கவில்லை.

"அழுகிறீரா, என்னைக் கேலி செய்கிறீரா?"

"அழுகிறேன்! சத்தியமாக அழுகிறேன்!"

கன்னத்தில் கண்ணீர் வழிந்து தாடையில் சொட்டியது. அது வழிவதே அவருக்குத் தெரியவில்லை. துடைக்கவில்லை.

"இவரை வெளியே கொண்டுபோங்கள். என்னால் பார்க்க முடியவில்லை" என்று ராஜா கண்ணை மூடிக்கொண்டான்.

காவலர்கள் தூக்கிப்போனார்கள். அவர்கள் பரிதாபப்பட்டார்களா, உள்ளுக்குள் சிரித்தார்களா, யாருக்கும் தெரியவில்லை. அந்த முகங்களிலும் அவர் பூசியதுதானே இருந்தது.