ஐந்து படங்களில் ஒரு வீடு

திண்டுக்கல்லில் ஜெசிந்தா என்று ஒருத்தி இருந்தாள். விற்பனைக்கு வரும் வீடுகளைப் படம் எடுப்பது அவள் தொழில். வயது முப்பத்துமூன்று. அவளிடம் தொழில் கற்கச் சேர்ந்த தெய்வசிகாமணிக்கு அறுபத்தொன்று. சில காரியங்கள் இப்படித் தலைகீழாகத்தான் நடக்கின்றன.

அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவளை எப்படிக் கூப்பிடுவது என்று முதல் வாரம் முழுக்கத் திணறினார். மகள் வயது, ஆனால் சொல்லிக் கொடுக்கிறவள். கடைசியில் "டீச்சர்" என்று வைத்துக்கொண்டார். அவள் அவரை "சார்" என்றாள்.

இந்த வயதில் எதற்குக் கேமரா என்று அவள் கேட்டபோது, பொழுது போக வேண்டுமே என்றார். அது பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. மேற்கொண்டு கேட்கவில்லை.

தனியாகப் பாடம் என்று எதுவும் கிடையாது. ஒரு வீட்டுக்குப் போனால் முதல் அரைமணி நேரம் ஜெசிந்தா பையையே திறக்க மாட்டாள். ஜன்னல்களைத் திறப்பாள். ஒவ்வொரு அறையிலும் கொஞ்ச நேரம் உட்காருவாள். எந்த அறைக்கு எப்போது வெயில் வரும் என்று வீட்டில் இருப்பவர்களிடம் விசாரித்துவிட்டு, அது வரும்வரை காத்திருப்பாள். எடுத்து முடித்ததும் கேமராவை அவரிடம் நீட்டி ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"இதைப் பார்க்கிறவங்க செருப்பைக் கழட்டுவாங்களா சார்?"

உள்ளே வரத் தோன்றுமா என்பதை அவள் அப்படிக் கேட்டாள். முதலில் அவருக்கு விளங்கவில்லை. போகப் போக விளங்கியது. விளங்கிய பிறகுதான் மனிதருக்குத் தன் பழைய வீடு அடிக்கடி நினைவுக்கு வர ஆரம்பித்தது.

அவரும் ஒரு வீட்டை விற்றவர்தான். முப்பது வருஷம் குடியிருந்த சொந்த வீடு. மனைவி சௌந்தரத்துக்கு முழங்கால் போய், மாடிப்படி ஏற முடியாமல் ஆனது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், தரைத்தளத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு மாறினார்கள். பழைய வீட்டை விற்கச் சம்மதித்தபோது சௌந்தரம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். வாங்குகிறவர்கள் அந்த அடுப்படியில் சமைத்துச் சாப்பிடுகிறவர்களாக இருக்க வேண்டும். சரி என்று அவர் வாக்குக் கொடுத்தார்.

பத்திரம் முடிந்த மூன்றாம் மாதம் வீட்டை இடித்துவிட்டார்கள். அடுப்படிச் சுவர்தான் கடைசியாக விழுந்தது. தெருமுனையில் நின்று அதைப் பார்த்துவிட்டு வந்தவர், இரண்டு நாள் வீட்டில் சொல்லவே இல்லை. சொன்ன பிறகு சௌந்தரம் அவரைக் குறை சொல்லவில்லை. எவன் கண்ணு பட்டுதோ என்றாள். அன்றிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தத் தெரு வழியாகப் போவதையும் விட்டுவிட்டாள். திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறியிருக்கும். விற்கிற வீடுகளைப் பார்த்தாலாவது தன் வீடு ஏன் போனது என்று தெரியுமா என்றுதான் கேமரா கற்க வந்திருந்தார்.

ஒருநாள் நாகல்நகரில் ஒரு வீட்டுக்காரர், வெளியே மட்டும் எடுங்கள், உள்ளே வேண்டாம், கண்ணு படும் என்றார். ஜெசிந்தா வாதாடவில்லை. அப்படியானால் இன்னொரு நாள் கூப்பிடுங்கள் என்று பையை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் ஸ்டூடியோவுக்குத் திரும்பியதும் தெய்வசிகாமணி தன் கதை முழுவதையும் சொன்னார். பிறகு கேட்டார்.

"என் வீட்டுக்காரி சொல்றது நிஜமா டீச்சர்? கண்ணு பட்டுத்தான் என் வீடு போச்சா?"

ஜெசிந்தா, விற்பதற்காக அன்று போட்ட படங்கள் இருக்கின்றனவா என்று கேட்டாள். அவர் செல்போனில் இருந்தன. தரகரிடம் அனுப்பி, இணையத்திலும் போட்ட ஐந்து படங்கள். அவரே எடுத்தவை. அவள் ஐந்தையும் பெரிதாக அச்சுப் போட்டுத் தரையில் வரிசையாகப் பரப்பினாள்.

வெளியே கழற்றிவிட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு வரச் சொன்னாள். அவர் தயங்கினார். பரவாயில்லை, வாருங்கள் என்றாள்.

"உங்க வீடு சார். உள்ள போங்க. எந்த இடத்துல கழட்டணுமோ, அங்க கழட்டுங்க."

அவர் படங்களின் ஓரமாக நடந்தார். முதல் படத்தில் கேட், அதில் தொங்கும் எலுமிச்சையும் மிளகாயும். இரண்டாவதில் முன்சுவர், எதிர்வெயிலில் எடுத்ததால் கறுத்துக் கிடந்தது. மூன்றாவதில் சாத்திய கதவும் அதன்மேல் பூதமுகமும். நான்காவது மீட்டர் பெட்டி. வயரிங்கை அவரே செய்திருந்ததால் அதை ஆசையாக எடுத்திருந்தார். ஐந்தாவது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி.

ஐந்தையும் கடந்து எதிர்ச்சுவரில் முட்டி நின்றார். செருப்பு காலிலேயே இருந்தது.

"அடுப்படி எங்க சார்?"

"எடுக்கலை."

"ஏன்?"

அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கிழக்குப் பார்த்த அடுப்படி. காலை ஏழு மணிக்கு வெயில் ஜன்னல் வழியாக வந்து மேடை முழுக்க விழும். கீழே மஞ்சள் மொசைக், சௌந்தரம் ஒவ்வொரு கல்லாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. கூடத்தில் அவள் உட்கார்ந்து கீரை ஆயும் ஊஞ்சல்.

"நல்லதையெல்லாம் ஊருக்குக் காட்டினா கண்ணு பட்டுரும்னு பயந்தேன் டீச்சர். எதெல்லாம் நல்லா இருந்துச்சோ, அதையெல்லாம் வேணும்னே விட்டுட்டேன்."

யார் யார் பார்க்க வந்தார்கள் என்று கேட்டாள். நான்கு மாதம் ஒருவரும் வரவில்லை என்றார். அதற்குப் பிறகு ஒரே ஒருவர் வந்தார், கையில் அளவு டேப்போடு. வீடு பார்க்க வந்தீர்களா என்று இவர் கேட்டதற்கு, இடம் பார்க்க வந்தேன் என்றார். எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள் என்று இவரும் விட்டுவிட்டார். உள்ளே வாங்க, ஒரு வாய் காபி சாப்பிடலாம் என்று கூப்பிட்டதற்கு, வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வெளியிலேயே சுற்றி வந்து நாலு மூலையையும் அளந்துகொண்டு போனார். வீட்டை வாங்கியது அவர்தான்.

"அவர் செருப்பைக் கழட்டினாரா சார்?"

தெய்வசிகாமணி இல்லை என்று தலையை ஆட்டினார். கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

ஜெசிந்தா குனிந்து படங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள்.

"சௌந்தரம்கிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்றார். "அவ இன்னும் கண்ணு பட்டுத்தான் போச்சுன்னு நம்பிட்டு இருக்கா."

அவள் படங்களை அவர் கையில் கொடுத்தாள்.

"ஒருத்தர் கண்ணுகூடப் படலையே சார்."