ஏழாம் நம்பர் கோழி

ஓணான்கரட்டில் ஒச்சப்பன், சுருளி, விருமன் என்று அண்ணன் தம்பி மூன்று பேர். யார் என்ன சொன்னாலும் தட்ட மாட்டார்கள். தங்கமான பிள்ளைகள், அதுதான் வினை.

போன கோடையில் வெள்ளைக்கழிச்சல் நோய் புகுந்து, அவர்கள் வளர்த்த கோழிகளை வாரிக்கொண்டு போனது. மிஞ்சியது பதினேழே பெட்டைகள். "இந்தக் கோடையில இதுவும் போச்சுன்னா நம்ம பிழைப்பே போச்சுடா!" என்று மூத்தவன் ஒச்சப்பன் அழுதான். தம்பிகளும் அழுதார்கள். அண்ணன் செய்வதைச் செய்யுங்கள் என்று அம்மா சொல்லியிருந்தாளாம்.

சேதி தெரிந்து டாக்டர் தமயந்தி ஜீப்பில் வந்து இறங்கினார். கோழி நோய்களை ஆராய்ச்சி செய்கிறவர். ஒவ்வொரு கோழிக்கும் இறக்கைக்கு அடியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் குழாயில் அடைத்தார். குழாய்க்கு ஒரு நம்பர், கோழியின் காலுக்கு அதே நம்பரில் ஒரு வளையம்.

"இந்த ரத்தத்துல டி.என்.ஏ.ன்னு ஒண்ணு இருக்கு. அதுல சில அடையாளங்களப் பாத்தா, எந்தக் கோழிக்கு நோயைத் தாங்குற மரபணு இருக்குன்னு தெரிஞ்சிரும். அதுவரைக்கும் ஒரு வளையம்கூடத் தொலையக் கூடாது. பத்திரம்!"

ஜீப் தெருமுனை திரும்பியதும் சுருளிக்குக் கவலை வந்துவிட்டது. "குப்பையக் கிளறுற ஜென்மங்க. எங்கயாச்சும் கழண்டு விழுந்துட்டா?"

நியாயம்தானே? பதினேழு வளையங்களையும் கழற்றி ஒரு தகரப் பெட்டியில் போட்டார்கள். சாவியும் தொலையக் கூடாது பாருங்கள், அதையும் உள்ளே போட்டு அமுக்குப் பூட்டை அமுக்கிவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து டாக்டரிடமிருந்து போன் வந்தது. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "ஏழாம் நம்பர்! அந்த ஒண்ணுக்குத்தான் நோயைத் தாங்குற மரபணு இருக்கு. அதை வெளிய விடாதீங்க, பத்திரமா மூடி வைங்க. அதோட முட்டையத்தான் அடை வைக்கணும். ஞாயித்துக்கிழமை வர்றேன்."

மூவரும் கூடிப் பேசினார்கள்.

"ஏழாம் நம்பர் எவ கால்ல கிடந்துச்சு?"

"கொண்டைச்சி கால்ல."

"அப்ப அவ மட்டும் பிழைக்கணும், மத்தவளுக சாகணுமா? என்ன அநியாயம்டா இது!" என்றான் ஒச்சப்பன்.

விருமன் தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்னான்: "நோயைத் தாங்குறது ஏழாம் நம்பர்தானண்ணே? எல்லாத்துக்கும் அதையே மாட்டிருவோம்."

அண்ணன் அவனைக் கட்டிக்கொண்டான். பெட்டிக்குள் ஒன்று இருக்கிறதே என்று, டவுனுக்குப் போய்ப் பதினாறு வளையம் மட்டும் செய்து வாங்கி வந்தார்கள். வந்து பார்த்தால் பெட்டி திறக்கவில்லை. உடைக்கலாமா என்றால், பத்திரம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு கோழிக்கு வளையம் இல்லை.

சுருளிதான் தீர்ப்புச் சொன்னான். "கொண்டைச்சி ஏற்கெனவே கொஞ்ச நேரம் போட்டு அனுபவிச்சுட்டா. மத்தவளுகளுக்குக் குடுப்போம்."

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்தார். பசியோடு வந்தவரை முதலில் உட்காரவைத்து இலை போட்டார்கள். கோழிக் குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இப்ப ஏழாம் நம்பரக் காட்டுங்க" என்று எழுந்தார்.

காட்டினார்கள். பதினாறு ஏழாம் நம்பர்கள் கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்தன.

"அடப் பாவிகளா! ரத்தம் எடுத்தப்ப ஏழாம் நம்பர் போட்டிருந்த கோழி எங்க?"

"கொண்டைச்சியா? அவளுக்கு மட்டும் வளையம் பத்தல டாக்டரம்மா" என்றான் ஒச்சப்பன் பணிவாக. "நம்பர் இல்லாத கோழி எப்படியும் நோயில போயிரும். அதான் நீங்க வர்றீங்கன்னு குழம்பு வச்சிட்டோம்."

டாக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எட்டு வருஷமா இப்படி ஒரு கோழியத் தேடுறேன்டா!" என்று அழுதார்.

ஒச்சப்பனுக்கு மனசு கேட்கவில்லை. "அழாதீங்க டாக்டரம்மா. அந்த மரபணு எங்கயும் போகல. நாங்க மூணு பேரும் வெறும் ரசம்தான் ஊத்திக்கிட்டோம். கறி பூராவும் உங்க இலையிலதான் விழுந்துச்சு. இனி உங்களுக்கு வெள்ளைக்கழிச்சல் வரவே வராது."

மற்ற இருவரும் அண்ணனைப் பார்த்தார்கள். பிறகு டாக்டரைப் பார்த்தார்கள். சுருளி மெல்ல ஒரு கோழியைப் பிடித்து, அதன் கால் வளையத்தைக் கழற்றினான்.

டாக்டர் எழுந்து ஜீப்பை நோக்கி ஓட்டம் பிடித்தார்.

"விடாதடா! வெளிய விடக் கூடாது, மூடி வைக்கணும்னு அவங்களேதான் சொன்னாங்க!" என்று கத்திக்கொண்டே விருமன் ஒரு பெரிய பஞ்சாரக் கூடையோடு பின்னால் ஓடினான்.

ஒச்சப்பன் மட்டும் ஓடவில்லை. அடை வைப்பதற்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தான்.