பந்தலுக்கு மேலே ஓர் அணை

“தாயே, என் அணையை ஒருத்தன் அவமானப்படுத்திட்டுப் போயிட்டான்,” என்றார் பொன்னுரங்கம்.

குரு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். முப்பது வயதைச் சற்றே தாண்டிய பெண். அறுபதைத் தாண்டிய பொன்னுரங்கம் அவரைத் தாயே என்றுதான் அழைப்பார். மடத்துக்கு அரிசி கொடுப்பவர் என்பதால் பொன்னுரங்கத்துக்கு அங்கே ஒரு நாற்காலி உண்டு. மற்றவர்களுக்குத் தரை.

“யாரு?”

“இன்ஜினியர். நான்தான் கூப்பிட்டேன். இன்ஷூரன்ஸுக்கு ஒரு சான்றிதழ் கொடுன்னு கேட்டேன். கரை மேல நடந்தான். கீழே இறங்கினான். கரையடியில கசியிற தண்ணியைக் கையில ஏந்திக் கலங்கலா இருக்கான்னு பாத்தான். கடைசில, ரொம்ப அபாயம்னு சொல்லிட்டான்.”

“என்ன தப்பாம்?”

“அதைத்தான் நானும் கேட்டேன். எங்கப்பா கட்டினப்ப இருந்த அதே மண்ணு, அதே உசரம். ஒரு கல் நகரலைன்னு சொன்னேன்.”

“அவன் என்ன சொன்னான்?”

“மண்ணு அப்படியேதான் இருக்கு, கீழேதான் மாறிப்போச்சுன்னான். அப்போ கீழே முள்ளுக்காடாம், இப்போ வீடுகளாம். அணை உடையுமான்றது பாதிக் கேள்விதானாம். உடைஞ்சா யார் மேல போகும்ன்றது மீதிக் கேள்வியாம்.”

வீடுகள் இருந்தது உண்மை. பொன்னுரங்கமே கட்டிக் கொடுத்தவை. அவர் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பங்களின் காலனி அது. மேட்டு நிலத்தை மாமரங்களுக்கு ஒதுக்கியிருந்தார். பள்ளத்தை ஆட்களுக்கு ஒதுக்கியிருந்தார். மாமரத்துக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் ஆகாது.

“வேற ஏதாவது சொன்னானா?”

“கலிங்குல பலகை வைக்கக் கூடாதாம்.”

கலிங்கு என்பது கரையின் ஓரத்தில் விட்டிருக்கும் வழி. அணை நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கரைமேல் ஏறாமல் அந்த வழியாக ஓடைக்குப் போய்விடும். பொன்னுரங்கம் அதன் குறுக்கே தேக்குப் பலகைகளை அடுக்கியிருந்தார், இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கட்டும் என்று. பலகைக்கு மேலே நைலான் வலை கட்டியிருந்தார், வளர்க்கும் மீன் ஓடிப்போகாமல் இருக்கட்டும் என்று.

சொந்த அணை வைத்திருப்பவருக்குத் தண்ணீர் சொந்தம். வெள்ளம் பொது.

“அப்போ அணை உடையாதா?” என்றார் குரு.

“உடையாது தாயே.”

“நிச்சயமா?”

“எங்கப்பா கட்டினது.”

“உங்கப்பா கட்டினது சரி. நீ அடைச்சது?”

குரு ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

“உன் பொண்ணு கல்யாணம் எப்போ?”

“ஐப்பசில. டவுன் மண்டபத்துல.”

“மண்டபம் எதுக்கு? அணைக்குக் கீழே காலனித் திடல் இருக்கே. அங்கே பந்தல் போடு. காலனியும் சாப்பிடட்டும்.”

“ஐப்பசில மழை பெய்யுமே தாயே.”

“பெய்யட்டும். உடையாதுன்னியே.”

பொன்னுரங்கம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்பாவின் பேரை நடுவில் இழுத்தாயிற்று. இனி பின்வாங்க முடியாது.

“போடுறேன்,” என்றார்.

*

இடம் பார்க்கச் சம்பந்தி வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“எடம் தாராளமா இருக்கு,” என்றார். “அந்த மேடு என்னங்க?”

“கரை.”

“அதுக்குப் பின்னால?”

“தண்ணி.”

“எம்புட்டு?”

“நிறைய,” என்றார் பொன்னுரங்கம் பெருமையாக.

சம்பந்தி கொஞ்ச நேரம் மேட்டையே பார்த்தார்.

“எங்க ஆளுங்க வேனையெல்லாம் ரோட்டைப் பாத்து நிறுத்திக்கிறோம்,” என்றார். “கிளம்ப லேசா இருக்கும்.”

சடைச்சி பக்கத்தில் நின்றிருந்தாள். காலனிக்காரி. தோட்டத்து ஆட்களுக்காக முதலாளியிடம் கேள்வி கேட்பவள். அவள் வாயை அடைக்கப் பார்த்தவர்கள் யாரும் ஜெயித்ததில்லை.

“நல்ல யோசனைங்க,” என்றாள் அவள். “எங்க வீட்டையெல்லாம்தான் ரோட்டைப் பாத்துத் திருப்ப முடியல.”

சம்பந்தி சிரித்தார். பொன்னுரங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

*

பந்தக்கால் நட்ட அன்றே மழை பிடித்துக்கொண்டது. பந்தல் போட்டு முடித்த பிறகும் விடவில்லை.

வேறு வருஷமாக இருந்தால், மழைச் சத்தம் கேட்டதும் பொன்னுரங்கம் போர்த்திக்கொண்டு சுகமாகத் தூங்குவார். இந்த வருஷம் குடையை எடுத்துக்கொண்டு கரைமேல் போனார்.

கலிங்கு வலையில் மாவிலையும் சுள்ளியும் பாய்போலப் படிந்திருந்தன. அதன்மேல் ஒரு தவளை சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. தண்ணீர் பலகைக்கு மேலே ஏறி, போக வழியில்லாமல் நின்றது. கரையின் உச்சிக்கு இன்னும் முழங்கால் உயரம்தான் மிச்சம்.

அவர் திரும்பிப் பார்த்தார். கீழே பந்தலின் சிவப்புத் துணி தெரிந்தது. அந்த இடம் இவ்வளவு பள்ளம் என்று அவருக்கு அன்றுதான் கண்ணில் பட்டது.

நேரே மடத்துக்குப் போனார். நாற்காலியில் உட்காரவில்லை.

“தாயே, டவுன் மண்டபம் இன்னும் காலியாத்தான் இருக்காம்.”

“தாராளமா மாத்திக்கோ,” என்றார் குரு. “காலனியையும் கூட்டிட்டுப் போயிரு.”

“ஆளுங்களையா?”

“ஆளு, ஆடு, கோழி, கூரை எல்லாத்தையும்.”

“அது எப்படி தாயே முடியும்?”

“முடியாதா? அப்போ பந்தல் அங்கேயே இருக்கட்டும்.”

பொன்னுரங்கம் வாசலில் நின்றபடியே இன்ஜினியருக்குப் போன் போட்டார்.

“தம்பி, உடனே வாங்க. அணைக்குக் கீழே ஆளுங்க இருக்காங்க.”

“அன்னைக்கே நான் அதைத்தானே சொன்னேன் சார்,” என்றார் இன்ஜினியர்.

*

வலையை அறுத்து எறிந்தார்கள். பலகைகளை மேலிருந்து ஒவ்வொன்றாக உருவினார்கள். ஒரேயடியாக எடுத்தால் ஓடை தாங்காது என்றார் இன்ஜினியர். கரையடியில் கசிந்த இடத்தில் மணலைப் பரப்பி, அதன்மேல் ஜல்லியைப் பரப்பினார்கள். தண்ணீர் வெளியே வரலாம், அதோடு சேர்ந்து மண் வரக் கூடாது.

வேலை செய்தவர்கள் காலனி ஆட்கள். யாரும் மேற்பார்வை பார்க்கவில்லை. பொன்னுரங்கத்தின் தோட்டத்தில் அதுவரை எந்த வேலையும் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை.

மீன்கள் கூட்டமாக ஓடையில் இறங்கின.

சடைச்சி ஒரு கூடையோடு கரையேறி வந்தாள்.

“முதலாளி, உங்க கட்லா எங்க வாசலுக்கே வந்திருச்சு. திருப்பி விடணுமா?”

“குழம்பு வை,” என்றார் அவர், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“வைக்கத்தான் போறோம். மரியாதைக்குக் கேட்டேன்.”

*

முகூர்த்த நேரத்தில் மழை கொட்டித் தீர்த்தது.

நாதஸ்வரக்காரர் கலிங்கின் இரைச்சலோடு போட்டி போட்டுப் பார்த்தார். தோற்றார். கெட்டிமேளம் கடைசி வரிசைக்குக் கேட்கவே இல்லை. அவர்கள் முன்வரிசையைப் பார்த்துக் கொஞ்சம் தாமதமாக அட்சதை போட்டார்கள்.

“அப்பா, இங்கே பாருங்க. போட்டோ எடுக்குறாங்க,” என்றாள் மணப்பெண் வைதேகி.

“பாத்துட்டுத்தாம்மா இருக்கேன்,” என்றார் பொன்னுரங்கம். எல்லாப் படத்திலும் அவர் தலை கரைப்பக்கம் திரும்பியிருந்தது.

அணை நின்றது. டவுனும் காலனியும் ஒரே பந்தியில் உட்கார்ந்தன. வேறு நாளாக இருந்தால் சிலர் முகம் சுளித்திருப்பார்கள். அன்றைக்கு நனையாத இடம் அது ஒன்றுதான்.

குரு பாயசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

*

மறுநாள் நல்ல வெயில்.

பொன்னுரங்கம் குருவைக் கரைமேல் அழைத்துப் போனார். நடையில் பழைய மிடுக்கு வந்திருந்தது.

“பாத்தீங்களா தாயே. நின்னுச்சா இல்லையா?”

“நின்னுச்சு.”

“எங்கப்பா கட்டினது.”

“ஆமா.”

கலிங்கருகே பலகைகள் கிடந்தன. ஒன்றை எடுத்துத் துண்டால் துடைத்தார்.

“இனி இதையெல்லாம் பழையபடி போட்டுரலாம்ல? கார்த்திகை மழை வேற மிச்சம் இருக்கு. ததும்பத் ததும்ப நிரப்பிரலாம்.”

“எதுக்காக எடுத்தே?”

“கீழே விருந்தாளிங்க இருந்தாங்களே.”

“இப்போ?”

“காலையிலயே கிளம்பிட்டாங்க தாயே.”

“எல்லாருமா?”

“எல்லாரும்தான்.”

“எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ,” என்றார் குரு.

கீழே ஓடைக்கரையில் சடைச்சி கல்யாண அண்டாவைத் துலக்கிக்கொண்டிருந்தாள். பொன்னுரங்கம் பலகையைக் கையில் பிடித்தபடியே குரல் கொடுத்தார்.

“சடைச்சி, எல்லாரும் போயாச்சா?”

அவள் நிமிர்ந்தாள். முதலில் அவரைப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள்.

“போயாச்சு முதலாளி,” என்றாள். “நாங்கதான் இருக்கோம்.”

அவளுக்குப் பின்னால் வீடுகளிலிருந்து அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. கொடிகளில், கல்யாணத்துக்குக் கட்டிய சேலைகள் காய்ந்தன.

பொன்னுரங்கம் அங்கேயே நின்றார். பலகை கனத்தது. குரு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“சடைச்சி,” என்று மறுபடியும் கூப்பிட்டார் அவர். “இந்தப் பலகையெல்லாம் அடுப்புக்கு ஆகுமா?”

“தேக்குதானே. காஞ்சா நின்னு எரியும்,” என்றாள் சடைச்சி, அண்டாவைக் கவிழ்த்தபடி. “நீங்களே தூக்கிட்டு வாங்க.”